பலகையை விரித்தவர்கள்

இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஓர் ஆட்டம் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துக் கூறுபோடுவார்கள். குறியிட்ட அம்புகளைப் பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக உருவுவார்கள். அம்பில் எத்தனை குறியோ அத்தனை பங்கு இறைச்சி அதன் உரியவனுக்கு. குறியில்லாத அம்பு வாய்த்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்டவேண்டும். ஜெயித்தவன் இறைச்சியைத் தன் கூடாரத்துக்குத் தூக்கிப்போனால் அது இழுக்கு. ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே மரபு. மேய்ச்சல் காய்ந்துபோகும் குளிர்காலத்தில் பலருடைய வயிறு அதனால் நிறைந்தது. அந்த ஆட்டத்துக்கு மைசிர் என்று பெயர். குர்ஆன் சூதாட்டத்தை அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறது.

மதுவையும் மைசிரையும் பற்றிக் கேட்டவர்களுக்கு இரண்டாம் அத்தியாயத்தில் விடை கிடைக்கிறது. அவற்றில் பெருங்கேடு உண்டு, சில பயன்களும் உண்டு, ஆனால் கேடு பயனைவிடப் பெரிது என்பது அதன் சாரம். ஐந்தாம் அத்தியாயத்தில் தடை முழுமையாகிறது. மனிதர்களுக்குள் பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் விட்டுப்போகும் என்று காரணமும் சொல்லப்படுகிறது. என்னை அதிகம் யோசிக்கவைப்பது முதல் விடைதான். சூதில் நன்மை இல்லவே இல்லை என்று அது சொல்லவில்லை. ஏழைக்குப் போன இறைச்சியைப் பார்த்து, எடைபோட்டு, அதற்குப் பிறகும் வேண்டாம் என்கிறது. 'இதில் வரும் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறதே' என்ற வாதம் நமக்குத்தான் புதிது. அந்த வாதத்துக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

இந்தோனேசியாவின் கடந்த அறுபது ஆண்டுகளை வாசிக்கும்போது எனக்கு அந்த ஒட்டகம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ 28 கோடி மக்கள், அவர்களில் நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்கள். உலகில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக, அல்லது அதற்கு நிகராக, முஸ்லிம்கள் வாழும் நாடு. ஆனாலும் அது இஸ்லாமியக் குடியரசு அல்ல. பஞ்சசீலம் என்னும் ஐந்து கொள்கைகள் அதன் அடித்தளம். 2025 முடியும்வரை அதன் குற்றவியல் சட்டம் டச்சுக்காரர்கள் 1918இல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததாகவே இருந்தது. ஆகவே அங்கே சூதாட்டம் பாவமாகவும் இருந்தது, குற்றமாகவும் இருந்தது, சில காலம் அரசின் வருமானமாகவும் இருந்தது. மூன்றும் ஒரே சமயத்தில் இருந்த ஆண்டுகளும் உண்டு.

அலி சாதிகினிடமிருந்து தொடங்கலாம். கடற்படைக் காலாட்படையின் உயர் அதிகாரியாக இருந்தவர். 1966இல் ஜகார்த்தாவின் ஆளுநரானார். அப்போது அந்தத் தலைநகரத்தின் கருவூலம் காலி. சாலைகள் சேறு, பள்ளிக்கூடங்களில் இடமில்லை, குடிசைப் பகுதிகளில் சாக்கடை நீரும் குடிநீரும் ஒன்றாக ஓடின. மாகாண அரசு சூதாட்டத்தின்மீது வரி விதிக்க வழிசெய்யும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1967இல் சூதாட்ட விடுதிகளுக்கு உரிமம் வழங்கினார். சீனர்கள் ஆடுவதற்கு மட்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. ஹ்வா ஹ்வே என்னும் எண் குலுக்கல் குடிசைகள் வரை பரவியது. அவரைப் 'பாவ ஆளுநர்' என்றார்கள். அவருடைய மனைவிக்கும் அந்தக் குலுக்கலின் பெயரை வைத்து ஒரு பட்டப்பெயர் கட்டினார்கள். எதிர்த்த உலமாக்களிடம், அப்படியானால் நீங்கள் ஹெலிகாப்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், ஜகார்த்தாவின் சாலைகள் எல்லாம் சூதாட்ட வரியில் போட்டவை என்று அவர் பதில் சொன்னதாக இன்றும் அங்கே சொல்வார்கள்.

அவரைத் தூக்கியெறிந்து பேச என்னால் முடியவில்லை. பள்ளிகள் வந்தன, மருத்துவ நிலையங்கள் வந்தன, குடிசைப் பகுதிகளில் நடைபாதையும் வடிகாலும் வந்தன. இந்தோனேசியக் கவிஞர்களும் நாடகக்காரர்களும் தங்கள் வீடாகக் கருதிய தாமான் இஸ்மாயில் மர்சூக்கி கலை மையம் 1968இல் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்த நகரக் கருவூலத்தில் அந்த வரியும் கலந்திருந்தது. பின்னாளில் 1980இல் அதிபர் சுஹார்த்தோவுக்கு எதிராக ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவில் அலி சாதிகினின் பெயரும் இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு அவர் கொடுத்த விலை அதிகம். அவர் தன் செயலை ஒளிக்கவில்லை. வரி வாங்கினேன், சாலை போட்டேன் என்று நேராகச் சொன்னார். ஒட்டக இறைச்சி உண்மையாகவே ஏழையிடம் போய்ச் சேர்ந்த அபூர்வமான தருணம் அது. ஹ்வா ஹ்வேயில் கூலியைத் தொலைத்தவனும் அதே குடிசைப் பகுதியில்தான் இருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவன் வீட்டு முன்னால் வடிகால் வந்தது. வீட்டுக்குள் அரிசி இல்லை.

1974இல் மத்திய அரசு சூதாட்ட ஒழுங்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லா வகைச் சூதாட்டமும் குற்றம் என்றது. சூதாட்டம் நடத்துகிறவருக்கான தண்டனை இரண்டு ஆண்டு எட்டு மாதத்திலிருந்து பத்து ஆண்டாக உயர்ந்தது. ஆடுகிறவருக்கான ஒரு மாதம் நான்கு ஆண்டானது. 1981 மார்ச் இறுதியோடு எல்லா உரிமங்களும் செல்லாது என்று அரசாணை வந்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1985 டிசம்பரில் போர்காஸ் என்ற சீட்டு வந்தது. கால்பந்து ஆட்டங்களின் முடிவைக் கணிப்பது. விளையாட்டு வளர்ச்சிக்குப் பணம் திரட்டுவது. பிறகு அது வேறு பெயரில் வந்தது. 1989இல் எஸ்டிஎஸ்பி என்று நிலைபெற்றது: பரிசுடன் கூடிய சமூகக் கொடையாளர் நன்கொடை என்பது அந்தச் சுருக்கத்தின் விரிவு. சமூக நல அமைச்சகத்தின் அனுமதியோடு, ஓர் அறக்கட்டளையின் வழியாக, வாராவாரம் குலுக்கல், முதல் பரிசு நூறு கோடி ரூபியா. 1974இன் சட்டம் அதைத் தொடவில்லை. குலுக்கல் பற்றி 1954இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டத்தின் நிழலில் அது நின்றது. அதிபர் மாளிகையே சூதுப் பலகையை விரித்துக் கிராமந்தோறும் கடை வைத்த காலம் அது. ஜாவாவில் கனவு எண் புத்தகங்கள் விற்றன. பாம்பு கனவில் வந்தால் எந்த எண், இறந்தவர் வந்தால் எந்த எண் என்று அவை சொல்லும். சமாதிகளில் இரவு முழுக்க உட்கார்ந்து எண் கேட்டார்கள். மனநலம் குன்றித் தெருவில் திரிந்தவர்கள் முணுமுணுத்த சொற்களை எண்ணாக மாற்றினார்கள்.

எஸ்டிஎஸ்பி பணத்தின் நாற்றம் எங்கெல்லாம் ஏறியது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். நாட்டின் மிகப் பெரிய இஸ்லாமிய அமைப்பான நஹ்தத்துல் உலமாவின் தலைமையகம் அந்த அறக்கட்டளையிடமிருந்து உதவி பெற்றது என்று 1991இல் தெரியவந்தது. அமைப்புக்குள் பெரும் கொந்தளிப்பு. மார்க்க அறிஞர்கள் அவையின் துணைத் தலைவராக இருந்த அலி யாஃபி பதவியை விட்டு விலகினார். ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டத்தில் அறிஞர், சமூக நலன் என்ற நோக்கில் ஃபிக்ஹை வாசிக்கவேண்டும் என்று எழுதியவர். சமூக நலன் என்ற சொல்லைத் தாங்கி வந்த பணத்தை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த விலகலை நான் மிகவும் மதிக்கிறேன். பாவத்தைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. தன் அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் அதைக் கண்டபோது எழுந்து போவது கடினம்.

1993 நவம்பரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், மதரஸா மாணவர்கள், உலமாக்கள். சுஹார்த்தோ ஆட்சியில் தெருவில் இறங்குவது சிறிய விஷயமல்ல. நவம்பர் 25 அன்று நாடாளுமன்றத்தில் சமூக நல அமைச்சர் இந்தன் சுவெனோ எஸ்டிஎஸ்பி ரத்து என்று அறிவித்தார். அதே நாளில் நாடாளுமன்ற வளாகத்தில் நூக்கு சுலைமான் என்ற செயற்பாட்டாளர் கைதானார். அவர் விநியோகித்த ஒட்டுத்தாளில் எஸ்டிஎஸ்பி என்ற நான்கு எழுத்துக்கு வேறொரு விரிவு இருந்தது: எல்லாப் பேரிடருக்கும் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் தாலாங் சுஹார்த்தோதான் என்று. தாலாங் என்றால் வயாங் பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் அமர்ந்து எல்லாப் பாவைகளையும் ஆட்டுவிப்பவர். நீதிமன்றம் நூக்குவுக்கு நான்கு ஆண்டு கொடுத்தது; மேல்முறையீட்டில் அது ஐந்தாகியது. சூதாடுகிறவருக்குச் சட்டம் விதித்த உச்ச தண்டனை நான்கு ஆண்டு. பலகையை விரித்தவர் யார் என்று சொன்னவருக்கு ஐந்து.

அந்த வயாங் கூத்திலேயே 'பாண்டவ டாடு' என்றொரு கதை உண்டு. பாண்டவர்களின் பகடையாட்டம். ஜாவாவின் முஸ்லிம் கிராமங்களில் விடியவிடிய உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். தருமனுக்கு அங்கே புந்ததேவன் என்று பெயர், சகுனி செங்குனி. தெருக்கூத்தில் சூதும் துகிலுரிதலும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இரவு அந்நியமாக இருக்காது. கதையில் தோற்றவன் மட்டும் குற்றவாளி என்று யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. சபையில் பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருந்தார்களே என்ற கேள்வி பார்ப்பவர்களுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கும். சட்டம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏனோ எழுவதில்லை.

எஸ்டிஎஸ்பி போன பிறகு தோகல் என்ற இருட்டுக் குலுக்கல் தொடர்ந்தது. சிங்கப்பூர், ஹாங்காங் குலுக்கல் எண்களை வைத்துத் தெருமுனையில் துண்டுச்சீட்டில் எழுதித்தரும் வியாபாரம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு ஒரு முகம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது. கடன் கேட்டால் எழுதித்தருபவனே 'போதும்ண்ணே, வீட்டுக்குப் போங்க' என்று சொல்லக்கூடிய தூரமாவது இருந்தது.

இப்போது ஆட்டம் கைபேசியில். ஜூடோல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பணம் போடுவது மின்பணப்பையிலிருந்து. பத்தாயிரம் ரூபியா இருந்தால் தொடங்கலாம். இந்திய மதிப்பில் ஐம்பது ரூபாய்ச் சொச்சம். ஒரு வாருங் கடையில் எளிய சோற்றுப் பொட்டலத்தின் விலை. கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் என்றொரு ஸ்லாட் ஆட்டம் அங்கே புகழ்பெற்றது. வெண்தாடியோடு மிதக்கும் கிரேக்கக் கடவுளைப் பையன்கள் 'ஜீயஸ் தாத்தா' என்கிறார்கள். ஆட்டம் பணம் கொட்டும் நேரத்தில் இருந்தால் 'காச்சோர்'. கூண்டுப் பறவை ஓயாமல் பாடும்போது பறவை வளர்ப்பவர்கள் சொல்லும் வார்த்தை அது. எல்லாம் போனால் 'ருங்காட்', வேரோடு சாய்ந்துவிட்டது.

இதன் கணக்கைப் பாருங்கள். போட்ட பந்தயத்தில் நூற்றுக்கு 96 திரும்பும் என்று அந்த ஆட்டத்துக்கு விளம்பரம். கேட்க நல்லபடியாகத்தான் இருக்கிறது. பத்தாயிரம் ரூபியா போட்டு, சுழற்சிக்கு இருநூறு வீதம் ஆடினால், நூற்றுக்கு நான்கு என்ற கணக்கில் ஒவ்வொரு சுழற்சியிலும் சராசரியாக எட்டு ரூபியா போகிறது. 1,250 சுழற்சியில் பத்தாயிரமும் தீரும். ஒரு சுழற்சி மூன்று விநாடி என்றால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இடையிடையே வெல்வதெல்லாம் மறுபடி உள்ளே போகும். நான்கு சதவீதம் என்பது ஒருமுறை ஆடுபவனுக்குச் சிறிய தொகை. விரலை எடுக்காமல் ஆடுபவனுக்கு அது முழுத் தொகை. அந்த 96கூட விளம்பரத்தில் இருப்பதுதான். உரிமமே இல்லாத தளத்தில் அது 96ஆ 60ஆ என்று சரிபார்க்க இந்தோனேசியாவில் எந்த அதிகாரிக்கும் வழியில்லை. உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்டிஎஸ்பியைக் கண்ட நாடு அது. ஒழுங்குபடுத்த உட்கார்ந்த அரசு எப்படிப் பலகைக்காரனாக மாறியது என்பது அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும்.

விளம்பரம் வரும் வழிகள் அச்சம் தருகின்றன. மாவட்ட அரசின் இணையதளத்தையோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தையோ தேடினால், அதற்குள்ளேயே ஸ்லாட் விளம்பரம் விரிகிறது. அரசு, கல்வி முகவரிகளைத் தேடுபொறிகள் நம்பி முன்னே காட்டும் என்பதால், பாதுகாப்பில்லாத அந்தத் தளங்களில் நுழைந்து தங்கள் பக்கங்களைச் செருகிவிடுகிறார்கள். தளங்களை நடத்துபவர்களில் பலர் கம்போடியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தார்கள். அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்புகிறவர்களில் வேலை தேடிப்போன இந்தோனேசிய இளைஞர்களும் உண்டு. நல்ல சம்பளம் என்று கூட்டிப்போய், கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, வெளியேற முடியாமல் அடைத்துவைக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். மேடான் நகரத்தில் ஒருவன் பணத்தை இழக்கிறான். அவனுக்கு 'இன்னொரு முறை முயன்று பாருங்கள் அண்ணா' என்று செய்தி அனுப்புகிறவன் அதே மேடானிலிருந்து போனவனாக இருக்கக்கூடும். இருவரும் ஒரே வறுமையிலிருந்து கிளம்பியவர்கள்.

பணப்பரிவர்த்தனைகளைக் கண்காணிக்கும் அரசு மையமான பிபிஏடிகே, 2023ஆம் ஆண்டில் இணையச் சூதாட்டத்தில் புரண்ட தொகை 327 லட்சம் கோடி ரூபியா என்றது. இந்திய மதிப்பில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இது இழந்த தொகை அல்ல. போட்டது, வென்றது, கணக்குவிட்டுக் கணக்கு மாறியது எல்லாம் சேர்ந்தது. அந்த வேறுபாட்டை அமைச்சர்களும் பத்திரிகைகளும் பலமுறை மறந்துவிடுகிறார்கள். பெரிய எண்ணைவிட எனக்குச் சிறிய எண்தான் முக்கியமாகப் படுகிறது: ஆடுபவர்களில் பத்தில் எட்டுப் பேர் எளியவர்கள், அவர்கள் ஒரு நேரத்தில் போடுவது பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபியாவுக்குள் என்று 2024இல் அரசே சொன்னது. பணம் தீர்ந்ததும் பின்ஜோல் என்னும் இணையக் கடன். அதே கைபேசியில், சில நிமிடங்களில், அடையாள அட்டையின் படத்தை அனுப்பினால் போதும். கட்டத் தவறினால் கைபேசியில் இருக்கும் எண்களுக்கெல்லாம், மைத்துனருக்கும் முதலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும், 'இவன் கடன்காரன்' என்று செய்தி போகிறது.

மைசிரில் எதிரே ஆள் இருந்தார். பகை என்று வேதம் சொன்னது அந்த எதிராளிகளுக்கிடையிலான பகையை. ஸ்லாட்டில் எதிராளியே இல்லை. ஒருவன் தனியாக, குளியலறையிலோ வண்டி நிறுத்தத்திலோ, யாரோடும் சண்டையில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கிறான். பகை எங்கே போகிறது? வீட்டுக்குள் வருகிறது. 2024 ஜூனில் கிழக்கு ஜாவாவில், சம்பளத்தைச் சூதில் விட்ட காவலர் ஒருவருக்கு அவருடைய மனைவி தீவைத்தார். கணவர் மறுநாள் இறந்தார். மனைவியும் காவலர்தான். இருவரும் சூதாட்டத்தைத் தடுக்கும் சீருடையில் இருந்தவர்கள். இந்தோனேசியப் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் மணமுறிவுக்கான காரணங்களை வகைபிரித்து வெளியிடுகிறது. சூதாட்டம் அதில் தனி வகை. ஆனால் மிகப் பெரிய வகை 'ஓயாத சச்சரவு'. அந்தச் சச்சரவுகளுக்குள் எத்தனை கைபேசிகள் ஒளிந்திருக்கும் என்பது மார்க்க நீதிமன்றத்தில் மனுவோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும்.

இனி தண்டனை. மின்னணுத் தகவல் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இணையத்தில் சூதாட்டத்தைப் பரப்பினால் பத்து ஆண்டு சிறை, ஆயிரம் கோடி ரூபியா வரை அபராதம். 2026 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம், நடத்துபவருக்கு ஒன்பது ஆண்டு, ஆடுபவருக்கு மூன்று ஆண்டு என்கிறது. ஷரியத் சட்டம் இயற்றும் சிறப்புரிமை பெற்ற ஆச்சே மாகாணத்தில் கணக்கு வேறு. 2014ஆம் ஆண்டின் கானூன் என்னும் மாகாணச் சட்டப்படி, பந்தயத் தொகை இரண்டு கிராம் தங்கத்தின் மதிப்புக்குள் இருந்தால் பன்னிரண்டு பிரம்படி வரை. மேலே போனால் முப்பது. நடத்துபவருக்கும் இடம் தருபவருக்கும் நாற்பத்தைந்து. ஆச்சேயில் முதன்முதலாகப் பொதுவெளியில் பிரம்படி கொடுத்ததே சூதாட்டத்துக்குத்தான்: 2005 ஜூனில், பிருயென் நகரத்தின் பெரிய பள்ளிவாசலுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை. சுனாமி அந்த மண்ணை அடித்துப்போட்டு ஆறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. இப்போது அங்கே மேடையேற்றப்படுகிறவர்களில் கைபேசியில் ஸ்லாட் ஆடியவர்களும், ஹிக்ஸ் டொமினோ என்ற ஆட்டத்தின் காசுவில்லைகளைக் கடையில் விற்றவர்களும் இருக்கிறார்கள். அடிபடுகிறவர்களில் தளத்தின் முதலாளி ஒருவரும் இல்லை. இருக்க முடியாது, முதலாளி ஆச்சேயில் இல்லை. நாற்பத்தைந்து அடி யாருக்கென்று சட்டம் எழுதி வைத்திருக்கிறதோ அவர் வேறொரு நாட்டில், வேறொரு பெயரில் இருக்கிறார். பன்னிரண்டு அடிக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

பிரம்படி பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கூட்டத்துக்கு முன்னால் ஒருவனின் முதுகில் விழும் அடி அவனுடைய பிள்ளைகளின் மேலும் விழுகிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் ஸ்லாட் ஆட்டத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை, அப்பாவைப் பற்றித்தான் பேசுவார்கள். வேதம் சொன்ன காரணம் மனிதர்களுக்கிடையே பகை வரக்கூடாது என்பது. அந்தக் காரணத்தை மறந்து தடையை மட்டும் பிடித்துக்கொண்டால், தண்டனையே ஒரு புதிய வெறுப்பை விதைக்கிறது. இதைச் சொல்ல ஒருவர் மார்க்கத்துக்கு வெளியே நிற்கவேண்டியதில்லை; காரணத்தைச் சேர்த்துச் சொன்னது மார்க்கம்தான்.

தளங்களை முடக்கும் வேலை தகவல்தொடர்பு அமைச்சகத்தினுடையது. லட்சக்கணக்கில் முடக்கினார்கள், முடக்கிய எண்ணிக்கையை மாதந்தோறும் அறிவித்தார்கள். 2024 நவம்பர் முதல் நாள், ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் ஒரு கடைவீட்டில் காவல்துறை சோதனை நடத்தியது. அமைச்சகத்தின் ஊழியர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஐயாயிரம் தளங்களில் ஆயிரத்தை முடக்காமல் 'வளர்த்தோம்', தளம் ஒன்றுக்கு 85 லட்சம் ரூபியா வாங்கினோம் என்று அவர்களில் ஒருவர் காவலர்களிடம் சொன்னார். வழக்கு தெற்கு ஜகார்த்தா நீதிமன்றத்துக்குப் போனது. எந்தத் தளங்களை மூடவேண்டும் என்ற பட்டியல் கையில் இருப்பவனுக்கு, எவற்றை மூடாமல் விடலாம் என்ற பட்டியலும் கையில் வந்துவிடுகிறது. அலி சாதிகின் வாங்கிய வரி கருவூலத்துக்குப் போனது. எஸ்டிஎஸ்பியில் ஒரு பகுதியாவது விளையாட்டு மைதானத்துக்குப் போனது. இந்த 85 லட்சத்தில் எந்த ஏழைக்கும் ஒரு துண்டு இறைச்சி இல்லை. வேதம் எடைபோட்ட பயன் என்ற தட்டு முதன்முறையாக முழுக்கக் காலியாகிவிட்டது.

2024 ஜூனில் அன்றைய மனித மேம்பாடு, பண்பாட்டுத் துறைகளின் ஒருங்கிணைப்பு அமைச்சர் முஹாஜிர் எஃபெண்டி, சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சமூக உதவி கொடுக்கலாம் என்றார். நாடு கொதித்தது. சூதாடியவனுக்கு எங்கள் வரிப்பணமா என்று கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர் என்றால் ஆடியவர் அல்ல, அவருடைய குடும்பம் என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அப்படி எந்த உதவியும் கிடையாது என்று அதிபர் ஜோகோவி சில நாட்களில் முடித்துவைத்தார். அந்த அமைச்சர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். அதே மாதத்தில், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் அவர்களின் செயலக ஊழியர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் சூதாடியிருக்கிறார்கள், அவர்கள் போட்ட தொகை சுமார் 2,500 கோடி ரூபியா என்று பிபிஏடிகே தலைவர் நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். ஆளுக்குச் சராசரி இரண்டரைக் கோடி. பெயர்ப் பட்டியல் பொதுவெளிக்கு வரவில்லை.

ஓராண்டு கழித்து, 2025 ஜூலையில் இன்னொரு எண் வந்தது. சமூக உதவி பெறுவோரின் அடையாள எண்களை ஒரு வங்கியின் தரவோடு ஒப்பிட்டதில், 5,71,410 எண்கள் 2024இல் சூதாடியவர்களின் எண்களோடு பொருந்தின. அவர்கள் போட்டது மொத்தம் 95,700 கோடி ரூபியா. வகுத்துப் பார்த்தேன்: ஆளுக்கு ஆண்டுக்குப் பதினாறே முக்கால் லட்சம், மாதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அரிசியும் முட்டையும் வாங்க அரசு மாதந்தோறும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது இரண்டு லட்சம் ரூபியா. அந்த இரண்டும் அருகருகே இருப்பதைப் பார்த்தால் கோபம் வருவது இயல்பு; எனக்கும் வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உதவி நிறுத்தப்பட்டது.

ஆனால் அந்த எண் யாருடையது? குடும்ப நல உதவியின் அட்டை பெரும்பாலும் தாயின் பெயரில் கொடுக்கப்படுகிறது. மின்பணப்பையைத் திறக்கக் கணவன் கேட்டாலும் மகன் கேட்டாலும் அடையாள அட்டையை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். வங்கிக் கணக்குகளை விலைக்கு வாங்கிச் சூதாட்டத் தளங்களுக்கு விற்கும் தரகர்கள் கிராமங்களில் சுற்றியதை பிபிஏடிகேயே சொல்லியிருக்கிறது. சில லட்சம் ரூபியாவுக்குத் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தவள் அதில் என்ன ஓடியது என்று அறிந்திருக்க மாட்டாள். கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண் பொருந்தியது, அரிசி நின்றது. மறுபடி வேண்டுமானால் கிராம அலுவலகத்துக்குப் போய்த் தான் ஆடவில்லை என்றோ, இனி ஆடமாட்டேன் என்றோ, உண்மையிலேயே ஏழை என்றோ அவள் விண்ணப்பிக்கவேண்டும். சமூகப் பணியாளர் வந்து வீட்டைப் பார்த்து எழுதவேண்டும். அந்த ஆயிரம் உறுப்பினர்கள், செயலக ஊழியர்களின் வீட்டுக்கு எந்தச் சமூகப் பணியாளரும் போகவில்லை. அவர்களுடைய எண்களும் அதே மையத்தின் கணினியில்தான் பொருந்தின. அவற்றையும் அதே கிராம அலுவலகத்தின் சுவரில், அரிசி நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒட்டும்படி கேட்க இந்தோனேசியப் பெண்களுக்கு முழு உரிமை இருக்கிறது.